கடலில் சண்டை, நமக்கோ சுமை

1956ஆம் ஆண்டு இறுதியில் போரினால் சூயஸ் கால்வாய் அடைபட்டது. எண்ணெய்க் கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றின. பிரிட்டனில் பெட்ரோலுக்குப் பங்கீட்டு முறை வந்தது. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் மோதியபோது ஹோர்முஸ் நீரிணை மூடப்படவில்லை. மூடப்படுமோ என்ற அச்சத்திலேயே எண்ணெய் விலை ஏறிற்று.

நமக்கென்ன என்று நாம் இருந்துவிட முடியாது. தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10இல் டீசலுக்கான பொது மானியம் நீக்கப்பட்டு, லிட்டர் 3 வெள்ளி 35 காசாயிற்று. உலகச் சந்தையின் ஏற்றம் மானிய அட்டை இல்லாத ஓட்டுநர் தலையில் நேரே விழும் நிலை உண்டாயிற்று. வண்டிக்காரர் அதை வாடகையில் சேர்ப்பார்; கடைக்காரர் சாமான் விலையில் சேர்ப்பார். பால்வெட்டுத் தொழிலாளியும் கிராணியும் யாரிடம் வசூலிப்பது?

விலைவாசியோடு சம்பளமும் உயரும் ஒப்பந்தமே நாம் கேட்பது. தோழர்களே, அதற்காக ஒன்றுபடுவோம்!