வீடியோவை வாடகைக்கு விடுங்க, கிரயம் பண்ணிடாதீங்க

இடக்கொச்சி, மட்டாஞ்சேரி பக்கம் இருக்கிற நம்ம தமிழ்ப் பிள்ளைகள் கையில் போன் இருந்தால் போதும். சீனவலை, காயல் மழை எல்லாம் வீடியோவாகிவிடும். நன்றாக வந்துவிட்டால் ஏதாவது ஓட்டலோ டிராவல்ஸோ, "விளம்பரத்துக்குக் கொடுங்க, உங்க பேரைப் போடறோம்" என்று கேட்கும். நமக்கும் பெருமை, சரி என்று விடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பேரை வைத்து அரிசி வாங்க முடியுமா?

சில நொடிக் காட்சிக்கும் விலை உண்டு. தன் காட்சிகளை எடுத்துப் போட்ட யூடியூபர்கள் மேல் ஏ.என்.ஐ. செய்தி நிறுவனம் புகார் கொடுத்தது 2025 மே மாதம் பெரிய செய்தியானது. உரிமத்துக்கு லட்சக்கணக்கில் கேட்டார்கள் என்று யூடியூபர்கள் சொன்னார்கள். அவர்கள் கேட்டது நியாயமா என்பது வேறு விவாதம். காட்சிக்குச் சொந்தக்காரர் விலை கேட்கலாம் என்பதைப் பார்த்தோமில்லையா?

பேங்க் பாஷையில் சொன்னால், லைசென்ஸ் கொடுப்பது வீட்டை வாடகைக்கு விடுவது மாதிரி. உரிமையையே எழுதிக் கொடுப்பது கிரயம். வாடகை என்றால் சொத்து உங்களுடையது. 'இவருக்கு மட்டும்' என்று எழுதாதவரை அதே வீடியோவை இன்னொருவருக்கும் கொடுக்கலாம்.

1957-ம் வருடக் காப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் காலம் எழுதாவிட்டால் 5 வருடம், இடம் எழுதாவிட்டால் இந்தியா முழுதும் என்று எடுத்துக்கொள்வார்கள். அதனால் எத்தனை மாதம், எந்த விளம்பரம், எந்த ஊர், எவ்வளவு ரூபாய் என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளைக்கு 18 வயது ஆகவில்லையென்றால் கார்டியனாக நீங்கள் போட வேண்டும்.

இன்னொன்று, பாட்டு. 2024-ல் வந்த மஞ்சும்மல் பாய்ஸ் நம்ம கொச்சிப் பக்கத்துப் பையன்கள் கதை. அதில் குணா படப் பாட்டைச் சேர்த்ததற்கு இளையராஜா வக்கீல் நோட்டீஸ் விட்டார். ஆடியோ கம்பெனிகளிடம் உரிமை வாங்கித்தான் சேர்த்தோம் என்றது தயாரிப்புத் தரப்பு. பெரிய படத்துக்கே இந்தப் பாடு! சினிமாப் பாட்டை எடுத்துவிட்டு, வீடியோவை மட்டும் கொடுங்கள். முகம் தெரிகிறவர்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் குடும்பம் ஓடாது, டியூஷன் ஃபீஸ் வந்தாலே பெரிசு. ஆனாலும் கேளுங்கள். பிழைக்க வந்த ஊரில் கூலியைக்கூட வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுகிற பழக்கம் நம்மோடு போகட்டும், பிள்ளைகளுக்கு வேண்டாம்.