வந்த பிறகு பார்த்துக்கலாம்

சித்தப்பா மகள் ஜெர்மனிக்குப் போகிறாள். படிப்பை முடித்துவிட்டு அல்ல, நடுவில். ஒரு செமஸ்டரை மட்டும் அங்கே படித்துவிட்டுத் திரும்பி வந்து இங்கேயே பட்டம் வாங்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் என்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை ஈரோட்டில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒரு நோட்டு நிறையக் கேள்வி எழுதிக்கொண்டு வந்திருந்தாள். எத்தனை ஸ்வெட்டர், குக்கர் கொண்டு போகலாமா, பருப்புப்பொடியை ஏர்போர்ட்டில் பிடுங்கிவிடுவார்களா. 2018-ல் நானும் இதே மாதிரி ஒரு நோட்டோடு அலைந்தவன்தான். பதிலெல்லாம் சொன்னேன். கடைசியாக நான் ஒன்று கேட்டேன்: "சப்ஜெக்டுக்கெல்லாம் காலேஜ்ல கையெழுத்து வாங்கிட்டியா கண்ணு?"

"அதெல்லாம் வந்த பிறகு பார்த்துக்கலாம்னு சார் சொல்லிட்டாருங்கண்ணா."

எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

நான் போனது டிரெஸ்டனுக்கு, ஏழாவது செமஸ்டரில். அங்கே தனியாக ஃபீஸ் கிடையாது, இங்கே கல்லூரிக்குக் கட்டுவதே போதும். ஆனால் விசாவுக்கு மாதம் 720 யூரோ என்று கணக்குப் போட்டு, முடக்கிய வங்கிக் கணக்கில் முன்கூட்டியே பணம் காட்ட வேண்டும். (2024-ல் அது 992 யூரோ ஆனது.) ஆறு மாதத்துக்கு மூன்றரை லட்சத்தைத் தாண்டியது. அம்மாவின் வளையல்கள் கூட்டுறவு வங்கிக்குப் போயின. அப்பா தறிப்பட்டறையில் யாரிடமோ "பையன் காலேஜ் மூலமா போறான், எல்லாம் அவங்க பார்த்துக்குவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

டிரெஸ்டனைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. வகுப்பு முடிந்ததும் கை தட்டாமல் எல்லோரும் மேசையில் விரல் முட்டியால் தட்டுவார்கள். முதல் நாள் ஏதோ கலாட்டா என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். ஆனால் நான் சொல்ல வந்தது ஒரு தேர்வைப் பற்றி. உலோகம் எப்படி உடைகிறது என்பதற்கே ஒரு தனிப் பாடம். வாய்மொழித் தேர்வு, அரை மணி நேரம். பேராசிரியரும் குறிப்பெடுக்க இன்னொருவரும் உட்கார்ந்திருந்தார்கள். கேள்வித்தாள் இல்லை. உடைந்த சைக்கிள் பெடல் கிராங்க் ஒன்றை எடுத்து மேசையில் வைத்து, "இது ஏன் உடைந்தது?" என்றார்.

எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தேன். உடைந்த முகத்தில் பாதிக்கு மேல் வழவழப்பு. அதில் ஈர மணலில் அலை விட்டுப்போன வரிகள் மாதிரி வளைவு வளைவாகக் கோடுகள். மிச்சம் சொரசொரப்பு. ஒரே நாளில் உடைந்ததல்ல, விரிசல் பல மாதம் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்திருக்கிறது, கடைசியில் மிஞ்சிய சொரசொரப்பான பகுதி மட்டும் ஒரே மிதியில் போயிருக்கிறது என்றேன். "சரி, தொடங்கியது எங்கே?" கோடுகளைப் பின்னோக்கித் தேடிக்கொண்டு போனேன். பெடல் திருகும் மரையின் ஓரத்தில் போய் நின்றது.

இதே விஷயத்தை இங்கேயும் படித்திருக்கிறேன். பார்ட் பி, 13 மார்க், எஸ்-என் வளைவு வரைந்து விளக்குக. வரைந்தேன், மார்க்கும் வாங்கினேன். உடைந்த பொருள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

அந்தத் தேர்வில் எனக்கு 1.7. மார்ச்சில் ஊர் திரும்பி டிரான்ஸ்கிரிப்டை நீட்டியபோது, தேர்வுப் பிரிவில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார். "ஒன்னு புள்ளி ஏழுதானா தம்பி? பத்துக்கா?" அங்கே 1.0-தான் முதல் மார்க், 4.0 வரை பாஸ் என்று விளக்கினேன். "அப்ப கம்மியா வாங்குனா நல்லதா?" பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஜெர்மானியர்கள் மார்க்கை மாற்றப் பயன்படுத்தும் பவேரிய சூத்திரத்தைத் தாளின் பின்பக்கம் திருப்பிப் போட்டுக் காட்டினேன், 8.8 வந்தது. வாங்கி வைத்துக்கொண்டார்.

மாட்டிக்கொண்டது மார்க்கில் அல்ல, சிலபஸில். எங்கள் பாடத்தில் ஐந்து யூனிட். அவர்களுடையதில் இரண்டரை யூனிட்தான் ஒத்துப்போகிறது, 80 சதவீதம் பொருந்த வேண்டும் என்றார்கள். ஆறு பாடத்தில் இரண்டை ஏற்றுக்கொண்டு நான்கைத் தள்ளிவிட்டார்கள். கிராங்க் பாடமும் அந்த நான்கில் ஒன்று. ரிசல்ட்டில் நான்கு இடத்தில் 'ஆர்ஏ', அதாவது அரியர். கடைசி செமஸ்டர் புராஜெக்டோடு சேர்த்து எழுதினேன், மூன்று தேறியது, ஒன்று நின்றுவிட்டது. ஒழுங்காகப் படிக்காதது என் தப்புதான். ஆனால் கேம்பஸில் கிடைத்திருந்த வேலைக்கு அரியர் இருக்கக்கூடாது என்பது நிபந்தனை, அது கைவிட்டுப் போனது. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் பெரிய மாமா என்னை "ஃபாரின் போயி அரியர் வாங்கியாந்தவன்" என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்.

சோஃபியா கொராதி என்ற இத்தாலியப் பெண்மணியின் கதையைப் பிறகுதான் படித்தேன். ஃபுல்பிரைட் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சட்டத்தில் முதுகலைப் பட்டம் வாங்கி 1958-ல் திரும்பினார். ரோம் பல்கலைக்கழகம் அதைக் கணக்கில் எடுக்க மறுத்துவிட்டது. அவர் அதை விடவில்லை, ஆண்டுக்கணக்கில் அதிகாரிகளைத் துரத்தினார். 1987-ல் 11 நாடுகளும் 3,244 மாணவர்களுமாக, ஐரோப்பிய நாடுகளுக்குள் மாணவர்களை மாற்றி அனுப்பும் எராஸ்மஸ் திட்டம் தொடங்கியதற்கு அந்த அலைச்சலும் ஒரு காரணம். 'எராஸ்மஸ் அம்மா' என்றே அவரை அழைத்தார்கள். எனக்கு நடந்தது அவருக்கு அறுபது வருடம் முன்பே நடந்திருக்கிறது என்பதில் ஓர் அற்ப சந்தோஷம்.

டிரெஸ்டன் விடுதியில் என் பக்கத்து அறையில் வலென்சியாவிலிருந்து அதே திட்டத்தில் வந்த ஒரு பெண் இருந்தாள். ஒருநாள் சமையலறை மேசையில் ஃபைலை விரித்து வைத்து ஒரு பாடத்தை அடித்துவிட்டு வேறொன்றை எழுதிக்கொண்டிருந்தாள். லேர்னிங் அக்ரிமென்ட். எந்தப் பாடம் படிக்கப்போகிறாள், அது ஊரில் எதற்கு ஈடு என்று எழுதி, அவள், அவளுடைய பல்கலைக்கழகம், டிரெஸ்டன் என மூன்று பேர் கையெழுத்து. கிளம்பும் முன்பே போட்டது, பாடத்தை மாற்றினால் மறுபடி மூன்று பேரும் போட வேண்டும். தேறிவிட்டால் ஊரில் திரும்பத் தேர்வு கிடையாது. அங்கேயும் தகராறு வராமல் இல்லை, வந்தால் காட்ட ஒரு காகிதம் இருக்கிறது. என்னிடம் இருந்தது 'ஆட்சேபனை இல்லை' என்ற ஒரு கடிதம். நான் போவதில் யாருக்கும் ஆட்சேபனை இல்லைதான்.

கல்லூரிகளின் பயமும் புரிகிறது. பையன் ஊர் சுற்றிவிட்டு வந்து மார்க் கேட்பான் என்று நினைக்கிறார்கள். நானும் இரண்டு முறை பிராக் போனேன், பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான், மறைப்பானேன். ஆனால் அதற்குத் தடுப்பு சிலபஸ் பொருத்தம் பார்ப்பதல்ல. ஜாதகம் மாதிரி யூனிட்டுக்கு யூனிட் பொருந்த வேண்டுமென்றால் போவதே எதற்கு? இங்கே கிடைக்காததைப் படிக்கத்தானே அவ்வளவு தூரம்? கிரெடிட்டைச் சேர்த்து வைக்க 2021-ல் யுஜிசி 'அகடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' என்று ஒன்றைத் திறந்தது. பேங்க் இருந்து என்ன, கொண்டுவந்த பணத்தைக் கவுண்டரிலேயே செல்லாது என்று தள்ளினால்?

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு கைகுலுக்கும் புகைப்படத்தை அட்மிஷன் புத்தகத்தில் போடுகிற ஒவ்வொரு கல்லூரியும், மாணவர் விமானம் ஏறும் முன் பாடவாரியாக அந்த ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட முடியாதென்றால் புகைப்படத்தை எடுத்துவிடலாம்.

தங்கை நேற்று போன் செய்தாள். நான் சொன்னதைக் கேட்டு இந்த வாரத்தில் மூன்று முறை எச்.ஓ.டி. அறை வாசலில் நின்றிருக்கிறாள். ஐந்து பாடத்தில் மூன்றுக்குக் கையெழுத்து ஆகிவிட்டதாம். மற்ற இரண்டுக்கும் அதே பதில். டிக்கெட் விலை தினமும் ஏறுகிறது, போட்டுவிடட்டுமா என்று கேட்டாள்.

பொறு என்றேன்.