எடைக்குப் போகும் கணக்கு

எண் கணித ஜோசியர் சொன்னார் என்று பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டவரா நீங்கள்? அப்படியென்றால் அந்தத் துறையை உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெயர் மாற்றத்தை கெஜட்டில் போட்டுத் தருகிற துறை. முழுப் பெயர், எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை.

மற்றவர்களுக்கு இப்படி ஒரு துறை இருப்பதே தெரியாது. உங்களைக் குற்றம் சொல்ல முடியாது. போலீஸ், வருவாய், பொதுப்பணி மாதிரி சினிமாவில் வராத துறை. யாரும் இதன் வாசலில் தர்ணா செய்வதில்லை. டி.வி. விவாதத்தில் நாலு பேர் உட்கார்ந்து இதைப் பற்றிக் கத்துவதில்லை.

ஆனால், யோசித்துப் பாருங்கள். அரசாங்கம் என்பது கடைசியில் என்ன? காகிதம்தானே! உங்கள் பட்டா காகிதம். உங்கள் அப்பாவின் பென்ஷன் காகிதம். அந்தக் காகிதத்தை மொத்தமாக வாங்குவது, அலுவலகங்களுக்குப் பங்கிடுவது, படிவம், ரெஜிஸ்தர், கெஜட், பட்ஜெட் என்று அச்சடித்துக் கொடுப்பது எல்லாம் இந்தத் துறையின் வேலை. வட சென்னை தங்கசாலையில், கம்பெனிக்காரன் காலத்தில் நாணயம் அடித்த கட்டடத்தில்தான் அரசு மைய அச்சகம். அன்று பணம் அடித்த இடத்தில், பணம் எப்படிச் செலவாகிறது என்பதை அடிக்கிறார்கள்.

அங்கே அடித்த புத்தகங்களை இன்றைக்கும் கொண்டாடுகிறோம். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு, 12 தொகுதிகள், 1904 முதல் 1928 வரை வந்தது. எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும், 7 தொகுதிகள், 1909ல் வந்தது. இரண்டுமே சென்னை அரசு அச்சக வெளியீடுகள். புத்தகத்தை கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறோம். சரி. அதற்குக் காகிதம் யாரிடம் வாங்கினார்கள், ஒரு ரீம் என்ன விலை, அச்சுக் கோத்த தொழிலாளிக்கு என்ன கூலி? இதெல்லாம் புத்தகத்தில் இருக்காது. கொள்முதல் கோப்பில்தான் இருக்கும். அந்தக் கோப்பை யாரும் அலமாரியில் வைப்பதில்லை.

‘பழைய பில்லையும் டெண்டரையும் வெச்சுக்கிட்டு என்ன சார் பண்றது? சரித்திரம்னா கல்வெட்டு, செப்பேடு, ராஜா எழுதின கடுதாசி!’ என்கிறீர்களா? அங்கேதான் தப்பு.

ஓர் உதாரணம். 1867ல் வெள்ளைக்காரன் ஒரு சட்டம் போட்டான். எந்தப் புத்தகம் அச்சானாலும் பதிவு செய்ய வேண்டும். பெயர், மொழி, எழுதியவர், அச்சிட்டவர், பக்கம், எத்தனை பிரதி, என்ன விலை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பட்டியல் கெஜட்டில் வர வேண்டும். இலக்கியத்தின் மேல் பாசம் பொங்கிப் போட்ட சட்டம் இல்லை. நேட்டிவ்கள் என்ன அச்சடிக்கிறார்கள் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பதற்குத்தான். பெயர் தெரியாத குமாஸ்தாக்கள் உட்கார்ந்து எழுதிய வறட்டுப் பட்டியல். இன்றைக்குத் தமிழ்ப் பதிப்பு வரலாறு எழுதுகிறவர்கள் அதைத்தான் தேடிப் போகிறார்கள். நாவல் எத்தனை பிரதி விற்கும் என்று நம்பி அடித்தார்கள், பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் எத்தனை அடித்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. லண்டன் பிரிட்டிஷ் லைப்ரரியில் அதற்கென்று தனி வரிசையே வைத்திருக்கிறார்கள்.

நான் பி.காம். படித்தவன். ஆடிட்டிங் வகுப்பில் முதலில் தலையில் ஏற்றிய பாடம் இது: வவுச்சர் இல்லாத செலவை நம்பாதே. ஒரு கம்பெனியின் யோக்கியதை சேர்மன் உரையில் இல்லை, பர்ச்சேஸ் லெட்ஜரில் இருக்கிறது. அரசாங்கத்துக்கும் அதே விதிதான். கொள்கை விளக்கக் குறிப்பை யார் வேண்டுமானாலும் அழகாக எழுதலாம். யாரிடம், எந்த விலைக்கு, எந்தத் தரத்தில் வாங்கினார்கள் என்கிற கோப்பு மட்டும் பொய் சொல்லத் திணறும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அரசு அலுவலகத்தில் ஒரு கோப்பு முடிந்ததும் அதற்கு ஒரு முத்திரை விழும். எல்.டிஸ் என்றால் ஓர் ஆண்டு. கே.டிஸ் என்றால் மூன்று ஆண்டு. டி.டிஸ் என்றால் பத்து ஆண்டு. ஆர்.டிஸ் என்றால் நிரந்தரம். உங்கள் வீட்டில் யாராவது கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்திருந்தால் கேட்டுப் பாருங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். கெடு முடிந்தால் கோப்பு கழிக்கப்படும். பாஷையை எளிமையாக்கினால், எடைக்குப் போகும்.

இதை இன்னொரு சட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. நீங்கள் ஒரு டெண்டர் பற்றிக் கேட்டால், ‘வர்த்தக ரகசியம்’ என்று காரணம் காட்டி மறுக்க அதில் ஒரு பிரிவு இருக்கிறது, 8(1)(டி). ஆனால் 8(3) என்ன சொல்கிறது? 20 ஆண்டுக்கு முந்தைய விஷயமாக இருந்தால் அந்தச் சாக்கு செல்லாது. நாட்டின் பாதுகாப்பு, சட்டமன்ற உரிமை, அமைச்சரவைக் குறிப்பு போன்ற விலக்குகள் தவிர, மற்றதையெல்லாம் கொடுத்தாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரகசியக் கதவு திறப்பது 20ஆம் வருஷம். டி.டிஸ் போட்ட கோப்பு எடைக்குப் போவது 10ஆம் வருஷம். கல்யாணப் பத்திரிகையில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு என்று போட்டுவிட்டு, வெள்ளிக்கிழமையே பந்தலைப் பிரித்தால் எப்படி இருக்கும்? அதுதான் இது.

இத்தனைக்கும் நம் மாநிலம் இந்த விஷயத்தில் பின்தங்கியது இல்லை. 1997லேயே தகவல் உரிமைச் சட்டம் போட்டோம். டெல்லிக்கு அந்த ஞானம் வர 2005 ஆயிற்று. 1998ல் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத் தன்மைச் சட்டம் போட்டோம். கர்நாடகம் 1999ல்தான் போட்டது. கதவைத் திறந்து வைத்ததில் நாம் முன்னோடி. திறந்த கதவுக்குப் பின்னால் அறை காலியாக இருந்தால் அந்தப் பெருமைக்கு என்ன அர்த்தம்?

மத்திய அரசுக்கு 1993ஆம் வருஷத்துப் பொது ஆவணச் சட்டம் இருக்கிறது. விதியை மீறி ஆவணத்தை அழித்தால் ஐந்து வருஷம் வரை ஜெயில், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அது மத்திய அரசுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும்தான். தங்கசாலை குமாஸ்தாவை அது கட்டுப்படுத்தாது.

‘எல்லாத்தையும் வெச்சுக்க இடம் எங்கே?’ என்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் வைக்கச் சொல்லவில்லை. எந்த ஆபீஸ் எத்தனை குண்டூசி கேட்டது என்கிற சீட்டை தாராளமாகக் கிழியுங்கள். மூன்றே மூன்றை மட்டும் நிரந்தரமாக வையுங்கள்: கொள்முதல் ரெஜிஸ்தர், யார் யார் என்ன விலை சொன்னார்கள் என்கிற ஒப்பீட்டுப் பட்டியல், ஏன் இவருக்குக் கொடுத்தோம் என்கிற உத்தரவு. ஒரு டெண்டருக்கு இருபது பக்கம் வந்தால் அதிகம். எழும்பூரில் 1909ல் கட்டிய சிவப்புக் கட்டடம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கவர்னர் எழுதின கடிதத்துக்கு அங்கே இடம் இருக்கிறதென்றால், காகித விலைக்கும் இடம் இருக்கும்.

‘அதான் இப்போ எல்லாமே ஆன்லைன் ஆயிடுச்சே!’ என்பது அடுத்த பதில். ஆமாம். மத்திய கெஜட்டைக் காகிதத்தில் அடிப்பதை 2015 அக்டோபர் 1 முதல் நிறுத்தினார்கள். 2017ல் மத்திய அரசின் 17 அச்சகங்களை ஐந்தாகச் சுருக்க மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. கோவை அச்சகத்தை நாசிக்கோடு சேர்ப்பதும் அதில் அடக்கம். இயந்திரத்துக்கு மதிப்புப் போட்டார்கள், நிலத்துக்கு மதிப்புப் போட்டார்கள். பழைய ரெஜிஸ்தருக்கு மதிப்புப் போட எந்த மதிப்பீட்டாளர் வருவார்? ஆன்லைன் என்றால் பத்திரம் என்று அர்த்தம் இல்லை. கரையான் பத்து வருஷம் தின்கிற காகிதத்தை, சர்வர் மாற்றுகிற ஒரு ராத்திரி தின்றுவிடும்.

சுமார் 1,100 வருஷத்துக்கு முன்பு, பராந்தக சோழன் காலத்தில், உத்திரமேரூர் சபை கல்லில் எழுதி வைத்தது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய உறவினர்களும் மறுபடி வாரியத்துக்கு வரக் கூடாது. குடவோலை முறை என்று மேடையில் மார்தட்டுகிறோம். குடத்தையும் ஓலையையும் ஞாபகம் வைத்துக்கொண்டோம். கணக்கை வசதியாக மறந்துவிட்டோம்.

நீங்கள் என்ன செய்யலாம்? ஒரு வெள்ளைத் தாள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். பொதுத் தகவல் அலுவலருக்கு இரண்டு கேள்வி. ஒன்று, கடந்த பத்து ஆண்டுகளில் உங்கள் அலுவலகம் அழித்த கொள்முதல் கோப்புகளின் பட்டியல் என்ன? இரண்டு, கோப்புகளைப் பட்டியலிட்டு வைக்க வேண்டும் என்று 4(1)(ஏ) பிரிவு சொல்கிறதே, அந்தப் பட்டியல் எங்கே? அச்சுத் துறையை மட்டும் கேட்க வேண்டாம். உங்கள் நகராட்சி, உங்கள் பஞ்சாயத்து யூனியன், எல்லா இடத்திலும் இதையே கேளுங்கள்.

பதில் வந்தால் பத்திரமாக வையுங்கள். ‘கோப்பு இல்லை’ என்று வந்தால் அதை இன்னும் பத்திரமாக வையுங்கள். பத்து வருஷத்துக்குப் பிறகு, மிஞ்சியிருக்கிற ஒரே ஆவணம் அதுவாக இருக்கலாம்.