ஸ்ரீராகம் எங்கே போயிற்று?

"யூடியூபில்தான் எல்லாம் வந்துவிடுகிறதே, இன்னும் எதற்கு ஸ்வாமி வீட்டில் பதிவு செய்துகொண்டு?" என்று சென்ற கூட்டத்தில் காபி வேளையின்போது நண்பர் ஒருவர் கேட்டார். அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

தில்லியில் என்னைப் போன்றவர்களுக்கு, மாடியில் ஒரு சிறு டிஷ்ஷை மாட்டினால் மாதக் கட்டணம் இல்லாமல் டிடி தமிழ் (2024 ஜனவரி வரை நமக்குப் பொதிகை) கிடைக்கிறது. அதை ஒரு ட்யூனர் வழியாக உள்ளங்கை அளவு ராஸ்ப்பெர்ரி பை கம்ப்யூட்டரில் வாங்கி, இலவச மென்பொருள் ஒன்றைக் கொண்டு பதிவு செய்கிறேன். கோப்புகள் போய்ச் சேருமிடம் அடுத்த அறையில் இருக்கும் இரண்டு டிஸ்க் கொண்ட நெட்வொர்க் பெட்டி. கட்டணச் செட்டாப் பெட்டியிலும் பதிவு செய்யலாம். ஆனால் பெரும்பாலும் அந்தப் பதிவு அந்தப் பெட்டியில் மட்டுமே ஓடும். பெட்டி போனால் சேர்த்து வைத்ததும் போச்சு. எனக்கு அது சம்மதமில்லை.

தியாகராஜ ஆராதனையன்று அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை. திருவையாற்றுப் பஞ்சரத்ன நேரடி ஒளிபரப்பை அவள் தவறவிட்டதே கிடையாது. "நீ பிடிச்சு வைடா, கட்டு அவிழ்த்ததும் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். முந்தின இரவே இரண்டு நிமிடச் சோதனைப் பதிவுகூடச் செய்து பார்த்தேன். நன்றாகவே இருந்தது.

வீடு திரும்பிப் பார்த்தால் பெட்டியில் பதிவே இல்லை.

உடனே எல்லோரும் நெட்வொர்க்கின் வேகத்தைத்தான் குறை சொன்னார்கள். மாப்பிள்ளை புது ரவுட்டர் வாங்கச் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரணத் தரச் சேனல் விநாடிக்குச் சுமார் 4 மெகாபிட், மணிக்கு 1.8 ஜிபி. பழைய ரவுட்டரே இதைச் சிரமமில்லாமல் சுமக்கும். ஆக, கடைக்கு ஓடவில்லை. மென்பொருள் எழுதி வைத்திருக்கும் பதிவேட்டைப் படித்தேன்.

விடியற்காலை இரண்டு மணிக்குக் கரண்ட் போய் வந்திருக்கிறது. பை ஒரு நிமிடத்துக்குள் விழித்துக்கொண்டது. டிஸ்க் பெட்டியோ எழுந்து உட்கார நாலைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் ஆசாமி. பை போய்க் கதவைத் தட்டிற்று, பதில் இல்லை, திரும்பிவிட்டது. லினக்ஸில் நெட்வொர்க் டிஸ்க் ஒரு வெற்றுக் கோப்புறையின் மேல் வந்து உட்காரும் ஏற்பாடு. டிஸ்க் வராவிட்டாலும் அந்தக் கோப்புறை அப்படியே இருக்கும். மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது. பஞ்சரத்னத்தைப் பையின் சின்ன மெமரி கார்டிலேயே எழுதத் தொடங்கிவிட்டது. அதில் மிச்சமிருந்த இடம் 1.5 ஜிபி. ஐம்பது நிமிடத்தில் நிறைந்து, பதிவு நின்றது.

இதற்குள் நான் செய்த காரியம் இன்னும் மோசம். பதிவைக் காணோமே என்று பையை ஒருமுறை அணைத்துப் போட்டேன். டிஸ்க் இம்முறை ஒழுங்காக வந்து அந்தக் கோப்புறையின் மேல் அமர்ந்தது. அடியில் கிடந்த அரைப் பதிவு கண்ணுக்கே தெரியாமல் போயிற்று! டிஸ்க்கைப் பிரித்த பிறகுதான் அகப்பட்டது. நாட்டை, கௌளை, ஆரபி இருந்தன. வராளியும் ஸ்ரீராகமும் இல்லை.

"ஸ்ரீராகம் வரலியேடா" என்றாள் அம்மா. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

யூடியூபில் தேடிப் போட்டுக் கொடுத்தேன், மறுக்கவில்லை. ஆனால் அங்கே இன்று இருப்பது நாளை இருக்கும் என்று யார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்? ஏற்றியவரே எடுத்துவிடலாம், உரிமைக்காரர் ஆட்சேபித்தாலும் போய்விடும். அம்மாவின் அலமாரியில் அவளுக்கு வேண்டியது அவள் பெயரில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

என் கோபம் இடம் நிறைந்ததில் இல்லை. சேர வேண்டிய வீட்டில் ஆள் இல்லையென்று தபாலைப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் போட்டுவிட்டு, 'பட்டுவாடா ஆயிற்று' என்று எழுதிக்கொள்ளும் தபால்காரரைப் போல் மென்பொருள் நடந்துகொண்டதே, அதில்தான். இடம் தவறினால் கூச்சல் போட வேண்டாமா? பதிவு தொடங்கும்போதே ஒரு எச்சரிக்கை வந்திருந்தால், ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து பையனுக்குப் போன் செய்திருப்பேன்.

இப்போது வெற்றுக் கோப்புறையில் யாரும் எழுத முடியாதபடி பூட்டியாயிற்று. டிஸ்க் வந்து சேர்ந்த பிறகே மென்பொருள் தொடங்கும்படியும் அமைத்துவிட்டேன். இவற்றைவிட முக்கியமாக, பதிவை முதலில் பையோடு யுஎஸ்பியில் இணைத்த ஒரு சிறு எஸ்எஸ்டியில் எழுத வைத்து, இரவில் நெட்வொர்க் பெட்டிக்கு மாற்றுகிறேன். எழுத மேஜை, வைக்க அலமாரி; அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு யாரும் கடிதம் எழுதுவதில்லை. பை, எஸ்எஸ்டி, ரவுட்டர், பெட்டி நான்கையும் இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்க்க எலெக்ட்ரீஷியனிடம் சொல்லியிருக்கிறேன்; அவர் 'கல்' என்று சொல்லி மூன்று வாரம் ஆகிறது.

நம் சங்கத்தின் பொங்கல் விழாப் பதிவும் இதே மாதிரி ஒரு பெட்டியில்தான் இருப்பதாகக் கேள்வி. செயலாளர் இந்த வாரமே அதைத் திறந்து, கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பார்த்துவிட வேண்டுகிறேன்.