பென்ஸா, பிஎம்டபிள்யூவா? அம்மா ஏறிப் பார்த்துச் சொல்லட்டும்!

இந்த வாரக் கேள்வி, கரூர் வாசகர் ஒருவருடையது. வீட்டு உபயோகத் துணிகளை ஏற்றுமதி செய்பவர். வீட்டில் ஏழு பேர். எழுபது தாண்டிய அப்பா, முழங்கால் வலியோடு இருக்கும் அம்மா, இவர், மனைவி, கல்லூரி மகள், பிளஸ் டூ மகன், இவர்களோடு தங்கிப் படிக்கும் தம்பி மகள். எட்டு வருட இன்னோவா கிரிஸ்டாவைக் கொடுத்துவிட்டுப் பெரிய வண்டி எடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார். மெர்சிடிஸ் பென்ஸ் ஜிஎல்எஸ், பிஎம்டபிள்யூ எக்ஸ்7 இந்த இரண்டில் ஒன்று.

"எக்ஸ்7 ஓட்டிப் பார்த்ததும் என் மனசு அதிலேயே நின்றுவிட்டது. மனைவியும் பிள்ளைகளும் பென்ஸ்தான் என்கிறார்கள். அம்மா மட்டும், 'இருக்கிற வண்டிக்கு என்னப்பா குறை?' என்கிறார். கம்பெனி பெயரில் ஒரு கோடி வரை லோன் போடலாம் என்றிருக்கிறேன். எதை எடுப்பது?" என்று கேட்டிருக்கிறார்.

கோடி ரூபாய் வண்டியைப் பற்றி நமக்கென்ன என்று மற்றவர்கள் நகர்ந்துவிட வேண்டாம். எர்டிகாவா, கேரன்ஸா என்று யோசிப்பவரும் இதே கேள்விகளைத்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். தொகையில்தான் சில பூஜ்யங்கள் குறையும்.

இன்ஜின் பேச்சை முதலில் முடித்துவிடுவோம்

ஜிஎல்எஸ் 450 பெட்ரோலில் இருப்பது 3 லிட்டர், 6 சிலிண்டர் டர்போ இன்ஜின். 381 குதிரைத்திறன். எக்ஸ்7 எக்ஸ்டிரைவ் 40ஐ பெட்ரோலிலும் 3 லிட்டர், 6 சிலிண்டர் டர்போதான். அதே 381 குதிரைத்திறன். டீசலிலும் இரண்டுக்கும் 3 லிட்டர், 6 சிலிண்டர்தான். ஒன்றில் 9 கியர் ஆட்டோமேட்டிக், மற்றதில் 8 கியர். இரண்டிலும் நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகிறது. இரண்டிலும் ஏர் சஸ்பென்ஷன்.

ஓட்டும்போது வித்தியாசம் தெரியும். எக்ஸ்7 இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டும் வளைவில் சொன்னபடி திரும்பும். ஸ்டீயரிங் பிடிப்பவருக்கு அது தனி சந்தோஷம். ஜிஎல்எஸ் மெத்தை மாதிரி போகும். அந்த சுகம் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் அதிகம் கிடைக்கும். அதனால் நீங்கள் எக்ஸ்7 என்பதும், வீட்டில் உள்ளவர்கள் பென்ஸ் என்பதும் ஆச்சரியமே இல்லை. அவரவர் உட்கார்ந்த இடத்திலிருந்து பேசுகிறீர்கள். இரு தரப்பு சொல்வதும் சரி.

எக்ஸ்7 சென்னைக்கு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் அசெம்பிள் ஆகிறது. ஜிஎல்எஸ் புனே பக்கம் சாக்கனில். நம்ம ஊரில் தயாராகிறது என்பதால் நமக்குத் தனியாக விலை குறையாது. அதனால் அதையும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம்.

மூன்றாவது வரிசையில் யார்?

உங்கள் வீட்டுக்கு முக்கியமான கேள்வி இது. ஏழு பேர் போனால் இரண்டு பேர் கடைசி வரிசையில் உட்கார்ந்தே ஆக வேண்டும்.

ஜிஎல்எஸ் நீளம் 5,209 மில்லிமீட்டர். எக்ஸ்7 நீளம் 5,181. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே ஜிஎல்எஸ்ஸில் 3,135, எக்ஸ்7-இல் 3,105. மூன்று சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். கடைசி வரிசையில் முட்டி இடிக்கிறவருக்கு அந்த மூன்று சென்டிமீட்டரும் பெரிசு. 1.94 மீட்டர், அதாவது ஆறேகால் அடிக்கு மேல் உயரமுள்ளவரும் மூன்றாவது வரிசையில் உட்காரலாம் என்பது மெர்சிடிஸ் சொல்லும் கணக்கு. எக்ஸ்7-இலும் பெரியவர்கள் உட்காரலாம். ஆனால் நான்கு மணி நேரம் என்றால் ஜிஎல்எஸ் கொஞ்சம் தாராளம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. எக்ஸ்7-இல் நடுவரிசையில் இரண்டு தனி நாற்காலி வைத்த 6 சீட் அமைப்பு உண்டு. பார்த்ததும் மயக்கும். அதில் ஒரு நிஜமான வசதியும் இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு நாற்காலிக்கும் இடையே புகுந்து பின்னால் போய்விடலாம். அம்மா எழுந்திருக்க வேண்டாம்.

ஏழு சீட் என்றால் கதை வேறு. நடு சீட்டை முன்னால் தள்ளினால்தான் பின்னால் இருப்பவர் ஏறவோ இறங்கவோ முடியும். வழியில் டீ குடிக்க நிறுத்தினால், பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்காக நடுவில் இருப்பவர் இறங்க வேண்டும். அந்த இடத்தில் அம்மா உட்கார்ந்தால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் முழங்காலுக்குத்தான் வேலை. வலது பக்கம் உட்கார வைத்தால் ஓடும் சாலைப் பக்கம் இறங்க வேண்டும், அது ஆபத்து.

அதனால் ஒன்று செய்யுங்கள். வீட்டுக் காலண்டரை எடுத்து, கடந்த ஒரு வருடத்தில் ஏழு பேரும் ஒரே வண்டியில் எத்தனை நாள் போனீர்கள் என்று எண்ணுங்கள். குலதெய்வம் கோயில், ஒரு கல்யாணம், ஒரு கோடை விடுமுறை... அவ்வளவுதானா? இல்லை, மாதம் இரண்டு முறையா? பதில் அந்த எண்ணிக்கையில் இருக்கிறது.

பெட்டி படுக்கை எங்கே வைப்பது?

மூன்று வரிசையும் விரித்திருக்கும்போது ஜிஎல்எஸ் டிக்கியில் 355 லிட்டர் இடம். எக்ஸ்7-இல் 326 லிட்டர். மாருதி டிசையரின் டிக்கி இரண்டையும் விடப் பெரிசு என்றால் நம்புவீர்களா? அதுதான் உண்மை. கடைசி வரிசையை மடக்கினால் இடம் தாராளம். ஆனால் அப்போது வண்டி ஐந்து சீட் வண்டியாகிவிடும். ஏழு பேர், மூன்று நாள் பயணம், ஏழு பேருக்கும் பெட்டி என்பது இந்த இரண்டிலுமே முடியாத காரியம். கூரையில் பெட்டி பொருத்த வேண்டும்; அல்லது இன்னொரு வண்டி கூட வர வேண்டும்.

எக்ஸ்7-இன் டிக்கிக் கதவு இரண்டாகத் திறக்கும். கீழ்ப்பாதி திண்ணை மாதிரி வெளியே நீளும், அதில் உட்கார்ந்து டிபன் சாப்பிடலாம். ஆனால் பெட்டியை எடுக்க அந்தத் திண்ணைக்கு மேல் குனிந்து எட்ட வேண்டும். முதுகுவலிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம். ஸ்பேர் வீல் இருக்கிறதா, இருந்தால் டிக்கியில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பதையும் திறந்து பாருங்கள்.

போர்டிகோவுக்குள் வண்டி வருமா?

உங்கள் கிரிஸ்டா 4,735 மில்லிமீட்டர். புது வண்டி எதுவானாலும் அதைவிட ஒன்றரை அடி நீளம். மொத்தம் 17 அடி. முன்னும் பின்னும் ஆள் நடக்க இடம் விட்டால் 20 அடி தேவை. அகலம் இரண்டிலும் ஏறத்தாழ இரண்டு மீட்டர். பக்கக் கண்ணாடியை விரித்தால் அதற்கும் மேல். கேட்டுக்குள் நுழைவது மட்டும் போதாது. உள்ளே நின்றபிறகு அம்மா இறங்கக் கதவு முழுதாகத் திறக்க வேண்டும். டெஸ்ட் டிரைவ் வண்டியை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். பிள்ளைகள் சென்னையில் அபார்ட்மென்ட் எடுத்துத் தங்கும் யோசனை இருந்தால், அங்கே மெக்கானிக்கல் பார்க்கிங் எத்தனை எடை தாங்கும் என்றும் கேளுங்கள். இந்த வண்டிகள் சுமார் இரண்டரை டன்.

ஷோரூம் விலைக்கு மேல் எவ்வளவு?

மாடலுக்கு மாடல், மாதத்துக்கு மாதம் விலை மாறும். கணக்குக்காக எக்ஸ்-ஷோரூம் விலை 1.30 கோடி என்று வைத்துக்கொள்வோம்.

2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகை வண்டிக்கு ஜிஎஸ்டி 40%. அதற்கு முன் செஸ்ஸோடு சேர்த்து 50% இருந்தது. 1.30 கோடிக்குள் இந்த வரி மட்டும் சுமார் 37 லட்சம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குச் சாலை வரி 20%. அது 26 லட்சம். ஆக 63 லட்சம் வரியாகவே போகிறது. இன்ஷூரன்ஸ், பதிவுச் செலவு எல்லாம் சேர்த்தால் வண்டி ரோட்டுக்கு வரும்போது 1.60 கோடியைத் தாண்டிவிடும். டீலர் பிடிக்கும் 1% டிசிஎஸ் மட்டும் வருமான வரிக் கணக்கில் திரும்ப வரும்.

கம்பெனி பெயரில் எடுத்தால் ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். டிரைவரையும் சேர்த்து 13 பேர் வரை ஏறும் பயணிகள் வண்டிக்கு இன்புட் டேக்ஸ் கிரெடிட் கிடையாது. கார் வியாபாரி, வாடகை வண்டி ஓட்டுபவர், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவர் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. வருமான வரியில் ஆண்டுக்கு 15% தேய்மானம் காட்டலாம். அது உங்களுக்கு எவ்வளவு மிச்சம் தரும் என்பதை ஆடிட்டரிடம் எண்ணாகக் கேட்டு வாங்குங்கள்.

லோன் ஒரு கோடி, வட்டி 9%, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 2,07,600 ரூபாய். வட்டி மட்டும் ஏறத்தாழ 24.5 லட்சம். ஏற்றுமதித் தொழிலில் ஒரு ஆர்டர் தள்ளிப்போகும், ஒரு பேமென்ட் தள்ளிப்போகும். தவணை தேதி தள்ளிப்போகாது. மோசமான ஆறு மாதம் வந்தாலும் கூலியும் தவணையும் இரண்டும் கொடுக்க முடியும் என்றால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

இன்ஷூரன்ஸில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பாலிசியில் போடும் ஐடிவி மதிப்பு வண்டி விலையை வைத்துத்தான் கணக்கிடப்படும். சாலை வரி அதில் சேராது. வழக்கமான அட்டவணைப்படி ஒரு வருடம் தாண்டினால் 20%, மூன்று வருடம் தாண்டினால் 40% கழியும். வண்டி திருடுபோனாலோ முழுசாக நொறுங்கினாலோ அந்த 26 லட்சம் சாலை வரி கைக்கு வராது. 'ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்' சேர்த்திருந்தால் அந்த நஷ்டம் ஈடாகும். அதில் சாலை வரியும் சேருமா என்று பாலிசியில் படித்துப் பாருங்கள். கூடவே 'இன்ஜின் புரொடெக்ட்'. 2015-லும் 2023-லும் சென்னை வெள்ளத்தில் நின்ற கார்களின் சொந்தக்காரர்களைக் கேட்டால் அதன் அருமை தெரியும்.

ஏர் சஸ்பென்ஷன் சொகுசாக இருக்கும்; வாரன்டி முடிந்தபிறகு பழுதானால் செலவு லட்சங்களில் போகும். ஆகவே மொத்தம் ஐந்து வருட வாரன்டி, சர்வீஸ் பேக்கேஜ் இரண்டும் சேர்த்து இரு டீலரிடமும் எழுத்தில் விலை வாங்குங்கள். பேரம் பேச வேண்டிய இடம் அதுதான். இலவச மேட்டும் சாவிக்கொத்தும் எப்படியும் கொடுத்துவிடுவார்கள்.

அப்படியானால் எது?

காலண்டரை எண்ணிப் பார்த்தீர்களே, அதற்கு வருவோம்.

ஏழு பேரும் அடிக்கடி ஒன்றாகப் போகிறவர்கள் என்றால் ஜிஎல்எஸ் எடுங்கள். யோசிக்கவே வேண்டாம். ஆறு சீட் எக்ஸ்7 எடுத்தால் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் "நான் வீட்டிலேயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க" என்பார். அப்படிச் சொல்பவர் பெரும்பாலும் அம்மாவாகத்தான் இருப்பார்.

வருடத்துக்கு மூன்று, நான்கு தடவைதான் என்றால், மற்ற நாட்களில் ஓட்டப்போவது நீங்கள். எக்ஸ்7 ஆறு சீட் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கிரிஸ்டாவை எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். கோயிலுக்குப் போகும் நாளில் ஏழாவது ஆளும் எல்லாப் பெட்டியும் அதில் வரும். எட்டு வருட கிரிஸ்டாவில் இன்னும் ஓட்டம் பாக்கி இருக்கிறது. அம்மா சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

எதை எடுப்பதானாலும் முன்பணம் கட்டுவதற்கு முன் அம்மாவை ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். இரண்டு வண்டியிலும் சஸ்பென்ஷனை இறக்கி வைக்கச் சொல்லி, யாரும் கைத்தாங்கல் கொடுக்காமல் இரண்டு முறை ஏறி இறங்கச் சொல்லுங்கள். பிளஸ் டூ பையனைக் கடைசி வரிசையில் அரை மணி நேரம் உட்கார வைத்து ஊரைச் சுற்றுங்கள். எல்லோரும் பெல்ட் போட்டபடி. பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம், போடாவிட்டால் அபராதம் 1,000 ரூபாய். அம்மாவுக்குக் கால் எட்டாத வண்டியை லிஸ்ட்டிலிருந்து அடித்துவிடுங்கள், அது எவ்வளவு பிடித்த பிராண்டாக இருந்தாலும்.

இரண்டிலும் அம்மா சுலபமாக ஏறிவிட்டால் அப்புறம் உங்கள் மனசு சொல்வதைக் கேளுங்கள். ஸ்டீயரிங் பிடிக்கப்போவது நீங்கள்தானே!