அத்தை, ஷெல் வருது!



1977 வன்செயலுக்குப் பிறகு எங்கள் அப்பா பதுளையை விட்டுக் கிளிநொச்சிக்குக் குடிபெயர்ந்தார். சித்தப்பா குடும்பம் பசறைப் பக்கத் தோட்டத்திலேயே நின்றுவிட்டது. இந்தத் தீபாவளிக்கு அங்கே சித்தப்பா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன்.

அவனுடைய பையனிடம் பழைய விளையாட்டுப் பெட்டி ஒன்று இருக்கிறது. 2006இல் வந்த நின்டெண்டோ வீ. தட்டுப் போடும் பகுதி பழுதானதால், டவுனில் ஒருவர் அதில் மாற்றம் செய்து பென் டிரைவில் ஓடும்படி ஆக்கித் தந்திருக்கிறார். அதில் 2008இல் வெளியான 'மரியோ கார்ட்' என்ற கார்ப் பந்தயம் விளையாடுகிறான்.

"அத்தை, நீங்களும் ஓட்டுங்க" என்று வெள்ளை ஸ்டியரிங் ஒன்றைக் கையில் தந்தான். அது வெறும் பிளாஸ்டிக் வளையம்தான். நடுவில் செருகியிருக்கும் ரிமோட், நாம் எந்தப் பக்கம் சரிக்கிறோம் என்பதை உணர்ந்து காரைத் திருப்புகிறது. பொத்தானை அழுத்தினால் ஓடும், விட்டால் நிற்கும். பசறை வீதி வளைவுகளில் பஸ்ஸுக்குள் கண்ணை மூடிக்கொள்பவள் நான். இரண்டு வளைவுகளைத் தாண்டியதும் சிரித்தே விட்டேன்.

அப்போதுதான் அவன் கத்தினான்: "அத்தை, ஷெல் வருது!"

வளையம் கையிலிருந்து விழுந்தது. நான் தரையில் குனிந்திருந்தேன். 2009இல் வன்னியில் கேட்ட அதே சொல். அந்த விளையாட்டில் ஷெல் என்பது ஆமை ஓடு. முன்னே போகிறவர்மேல் அதை எறிவார்கள். பதினொரு வயதுப் பிள்ளைக்கு வேறு ஷெல் தெரியாது. தெரியாமல் இருப்பதும் நல்லதுதான்.

முன்பென்றால் தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பேன். அன்று உண்மையைச் சொன்னேன். "அத்தை சண்டைக்குள்ள இருந்தவ. அந்தச் சொல்லும் வெடிச் சத்தமும் எனக்குப் பயம்டா." அவன் ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தைக் குறைத்தான். நேரத்தோடு மட்டும் போட்டி போடும் வேறொரு முறைக்கு மாற்றினான். அதில் எதிராளி இல்லை, எறிகிறவர் இல்லை. மூன்று சுற்றும் ஓட்டி முடித்தேன்.

தோழிகளே, திடுக்கிடுவது பைத்தியம் அல்ல. பட்ட உடம்பு இன்னும் காவல் இருக்கிறது, அவ்வளவுதான். அப்படி வந்தால் பாதங்களைத் தரையில் அழுத்தி, மூச்சை மெதுவாக விட்டு, கண்ணில் படும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். தூக்கம் கெட்டு, வேலை செய்ய முடியாமல் போனால் வைத்தியரிடம் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

எல்லாவற்றுக்கும் முன், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். சொன்னால்தானே சத்தத்தைக் குறைப்பார்கள்?

அடுத்த மாதம் சந்திப்போம்.

உங்களில் ஒருத்தி