முப்பது வெள்ளி பிளக் மின்கட்டணத்தைக் குறைக்குமா?

இணையக் கடைகளில் இருபது, முப்பது வெள்ளிக்கு ஸ்மார்ட் பிளக் கிடைக்கிறது. சுவர் சாக்கெட்டில் அதைச் செருகி, அதன்மேல் விளக்கின் பிளக்கைச் செருகினால் போதும். கைப்பேசியிலிருந்தே விளக்கை ஏற்றலாம், அணைக்கலாம், நேரம் குறித்தும் வைக்கலாம். விற்பவர்கள் முதலில் சொல்லும் காரணம், மின்கட்டணம் குறையும் என்பது. மாதாந்திர பில்லைப் பார்த்து அம்மா முகம் சுளிக்கும்போது, "இதை வாங்கினால் மிச்சமாகும்" என்று பிள்ளைகள் பரிந்துரைப்பதும் இயல்புதான். ஆனால் வாங்குவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். படிவம் 5 இயற்பியலில் மின்சாரப் பாடம் படித்தவர்களுக்கு அது ஐந்து நிமிட வேலை.

இன்று பெரும்பாலான வீடுகளில் எரிவது எல்.இ.டி. பல்பு. 9 வாட் பல்பு ஒன்று நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால் 45 வாட்-மணி செலவாகிறது. ஸ்மார்ட் பிளக்கோ விளக்கு அணைந்திருக்கும்போதும் உறங்குவதில்லை. உள்ளே இருக்கும் வைஃபை சில்லு, கைப்பேசியின் கட்டளைக்காக 24 மணி நேரமும் விழித்திருக்கிறது. அதற்கு ஏறக்குறைய 1 வாட் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளுக்கு 24 வாட்-மணி. அதாவது, யாரோ அணைக்க மறந்த விளக்கை இந்தப் பிளக் தினமும் 2 மணி 40 நிமிடம் முன்னதாக அணைத்தால்தான், தான் தின்ற மின்சாரத்தையே அது ஈடுகட்டும். அதற்கு மேல் மிச்சமாவதுதான் இலாபம். அந்த இலாபத்தில் முதலில் பிளக்கின் விலையைக் கழிக்க வேண்டும்!

2025 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள தெனாகா நேஷனல் கட்டணத்தில், வீடுகளுக்கு ஒரு யூனிட் அடிப்படையில் 44 சென் அளவில் வருகிறது. குறைவாகப் பயன்படுத்தும் வீடுகளுக்குக் கழிவும் உண்டு. கழிவைச் சேர்க்காமல் பார்த்தாலும், மேலே சொன்ன பல்பு ஓர் ஆண்டு முழுவதும் எரிய ஏழு வெள்ளி சில்லறைதான் ஆகும். ஏழு வெள்ளிச் செலவைக் குறைக்க முப்பது வெள்ளி போடுவது என்ன சிக்கனம்? 60 வாட் குண்டு பல்புகள் எரிந்த காலத்தில் இந்தப் பிளக் வந்திருந்தால் கதையே வேறு. 24 நிமிடம் முன்னதாக அணைத்தாலே அதன் கணக்கு நேராகியிருக்கும். எல்.இ.டி. பல்பு வந்து, மிச்சப்படுத்த வேண்டியதில் பெரும்பகுதியை ஏற்கெனவே மிச்சப்படுத்திவிட்டது. நம் வீடுகளில் பில்லை ஏற்றுவது குளிர்சாதனமும் சுடுநீர்க் கருவியும்தான்.

இன்னொன்றையும் விளம்பரங்கள் சொல்வதில்லை. அவற்றில் காட்டப்படுவது மேசை விளக்கும் நிலை விளக்கும். கிள்ளான் தாமான் வீடுகளில் விளக்கு என்றால் கூரையிலும் சுவரிலும் பொருத்தியது. அதன் வயர் சுவருக்குள் ஓடுகிறது, செருகுவதற்குப் பிளக்கே கிடையாது. அதைக் கைப்பேசியில் இயக்க வேண்டுமானால் ஸ்மார்ட் பல்பு போட வேண்டும், அல்லது சுவர் சுவிட்சை மாற்ற வேண்டும். சுவிட்சை மாற்றுவது காணொளி பார்த்துச் செய்யும் வேலை அல்ல. பல ஸ்மார்ட் சுவிட்சுகளுக்கு நியூட்ரல் வயர் தேவை. நம் பழைய சுவிட்ச் பெட்டிகள் பலவற்றில் அது இருக்காது. வீட்டு வயரிங்கில் கை வைக்க எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்ற வயர்மேன் வேண்டும். (சிங்கிள் பேஸ், த்ரீ பேஸ் என்று தனித்தனிச் சான்றிதழ்கள் உண்டு. எஸ்.பி.எம். முடித்து என்ன படிப்பது என்று யோசிப்பவர்கள் இதையும் விசாரித்துப் பார்க்கலாம்.)

அப்படியானால் ஸ்மார்ட் பிளக் வீண் செலவா? அப்படிச் சொல்ல மாட்டேன். சாமி மேடையின் மின்விளக்கு, தீபாவளிக்கு வாசலில் கட்டும் சரவிளக்கு, குடும்பமே ஊருக்குப் போயிருக்கும்போது மாலையில் எரிய வேண்டிய விளக்கு ஆகியவற்றுக்கு அது பொருத்தமானது. முட்டி வலியோடு இருக்கும் பாட்டி இருட்டில் எழுந்து சுவிட்சைத் தேட வேண்டாம் என்றால், அந்த வசதிக்கு முப்பது வெள்ளி தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் வசதிக்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். பிளக், அடாப்டர், நீட்டிப்பு வயர் போன்றவை எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதலோடும் சிரிம் முத்திரையோடும்தான் இங்கே விற்கப்பட வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் மலிவுச் சரக்கில் சில இரண்டு முள் கொண்டவை. சாக்கெட்டின் மேல்துளையில் பேனாவை நுழைத்து இரண்டு முள் பிளக்கை அழுத்திச் செருகும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. நம் மூன்று முள் பிளக்கில் ஃபியூஸும் எர்த் இணைப்பும் வைத்திருப்பது சும்மா இல்லை. 10 ஆம்பியர் என்று போட்டிருக்கும் பிளக், 230 வோல்ட்டில் 2,300 வாட் வரைதான் தாங்கும். ஆள் இல்லாத வீட்டில் இஸ்திரிப் பெட்டியைக் கைப்பேசியால் இயக்கும் எண்ணமே வேண்டாம்.

தீ அபாயத்தைப் பற்றியாவது பெற்றோர் எச்சரிப்பார்கள். கடவுச்சொல்லைப் பற்றி வீட்டில் யோசிக்கக்கூடியவர் நீங்கள் மட்டும்தான். 2016-இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாத கேமராக்களையும் ரவுட்டர்களையும் இலட்சக்கணக்கில் பிடித்தது. அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் தேதி அந்தக் கருவிப் படையைக் கொண்டு டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியபோது, டுவிட்டர், நெட்ஃபிலிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குத் திறக்கவே இல்லை. மிராயை எழுதியதாக 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்ட மூவரும் கல்லூரி வயது இளைஞர்கள். சிங்கப்பூர் 2020-லேயே இத்தகைய கருவிகளுக்குப் பாதுகாப்புத் தர முத்திரை கொடுக்கத் தொடங்கிவிட்டது. சட்டையின் துணியைத் தடவிப் பார்த்து வாங்குவதுபோல மென்பொருளைத் தடவிப் பார்க்க முடியாது. அந்த முத்திரை நம் கடைகளிலும் வர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

கருவி நம்முடையது, ஆனால் அதை இயக்கும் சர்வர் வேறொருவருடையது. பெல்கின் நிறுவனம் தன் வீமோ வகைப் பிளக்குகளில் பெரும்பாலானவற்றுக்கான செயலியையும் சர்வர் சேவையையும் 2026 ஜனவரி 31-ஆம் தேதியோடு நிறுத்துவதாக 2025-இல் அறிவித்தது. நல்ல நிலையில் உள்ள பிளக்குகளில் பலவற்றை அதன்பின் கையால்தான் அழுத்த வேண்டும். ஆகவே, சர்வர் இல்லாமல் வீட்டு வலையமைப்புக்குள்ளேயே இயங்கும் மேட்டர் தரக்குறி பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்று வாங்குவதென்றால், மின்சார அளவைக் காட்டும் வகையை வாங்குங்கள். விளக்கில் மாட்டுவதற்கு முன், ஒரு வாரம் தொலைக்காட்சியிலும், அடுத்த வாரம் கணினியிலும் மாட்டி, அணைத்து வைத்திருக்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று குறித்து வையுங்கள். அந்தத் தாளை பில்லோடு சேர்த்து அம்மாவிடம் காட்டுங்கள். எதைச் சுவரிலேயே அணைப்பது என்பதை அவரே சொல்லிவிடுவார்.